பட்டர்ஃபிளை மூடினா காத்து எங்கே போகும்?

முதல்ல ஒரு பொய்யை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

2003-ல அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஸ்ரீபெரும்புதூர்ல டீக்கடை வாசல்ல நின்னுட்டிருந்தோம். ஒரு லாரி வேகத்தடையில ஏறி இறங்கி, "ப்ஸ்ஸ்ஸ்"னு ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போச்சு. பையன் துள்ளிக் குதிச்சு, "மாமா, அது என்ன சத்தம்?"னு கேட்டான். நானோ அப்போ இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில ஆணி புடுங்கிட்டிருந்தேன். கார் கம்பெனிக்கு சாமான் பண்ற மாமாவுக்கு இது தெரியாதுன்னா மரியாதை என்ன ஆகறது? "அதாண்டா டர்போ"ன்னு அடிச்சு விட்டேன்.

அது டர்போ இல்லீங்க. ஏர் பிரேக். டிரைவர் பெடலை மிதிச்சா டேங்க்ல இருக்கிற அழுத்தக் காத்து சக்கரத்துப் பக்கத்துல இருக்கிற சேம்பருக்குப் போய் பிரேக்கைத் தள்ளும். காலை எடுத்தா அந்தக் காத்து வெளியேறும். அந்தப் பெருமூச்சுதான் நாம கேக்கறது. டேங்க் நிறைஞ்சதும் டிரையர் தன் தண்ணியைத் துப்பறப்பவும் இதே மாதிரி ஒரு சத்தம் வரும். இந்த ஏர் பிரேக் சமாசாரம் நம்ம ஊர்ச் சரக்குதான், 1962-ல தொடங்கின சுந்தரம்-கிளேட்டன் காலத்துல இருந்து செஞ்சிட்டிருக்காங்க. பையன்கிட்ட இதைச் சொல்லியிருந்தா அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இருபது வருஷம் கழிச்சு அந்தப் பொய் வட்டியோட திரும்பி வந்துச்சு. அதுக்குக் கடைசில வர்றேன்.

அவன் கேட்டதுக்கு உண்மையான பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவே. டர்போ வண்டி ஒண்ணு "ப்ஷ்ஷ்"னு மூச்சு விடற சத்தம் நிஜமாவே உண்டு. ஆனா பல வருஷமா டர்போ வண்டிகள் ஓடின இந்த ரோட்டுல அந்தச் சத்தம் மட்டும் வரவே இல்லை. ஏன்?

டர்போ என்ன பண்ணுதுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், மீதிப் பேருக்காக ரெண்டே வரி. புகைக்குழாய் வழியா வீணாப் போற சூடான வாயு ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்தும். அதே தண்டோட இன்னொரு முனையில இருக்கிற காத்தாடி வெளிக்காத்தை இழுத்து அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும். அதிகக் காத்து, அதிக எரிபொருள், அதிக சக்தி. சின்ன கார் டர்போகூட நிமிஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டி சுத்தும். வீட்டு மிக்ஸி இருபதாயிரம் சுத்தறதுக்கே அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பாக்கறார்.

இப்போ பிரச்சனைக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சின்ல காத்து போற வழியில ஒரு தட்டு இருக்கு, த்ராட்டில். மெக்கானிக் பாஷையில பட்டர்ஃபிளை. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திறக்கும், விட்டா மூடும். நீங்க மூணாவது கியர்ல நல்லா மிதிச்சுட்டுப் போய், கியர் மாத்தக் காலை எடுக்கறீங்க. தட்டு பட்டுனு மூடிக்குது. ஆனா டர்போவுக்கு அது தெரியாதே? ஸ்விட்சை நிறுத்தின பிறகும் கிரைண்டர் கல்லு ரெண்டு சுத்து சுத்துற மாதிரி அது தன் பாட்டுக்குச் சுத்தி, மூடின கதவு மேல காத்தை அமுக்கிட்டே இருக்கும்.

ஷிப்ட் விடற நேரத்துல சிப்காட் பக்கம் வந்திருக்கீங்களா? நாற்பது கம்பெனி பஸ் ஒரே நேரத்துல ஆளை இறக்கும். எல்லாரும் வெளி கேட் தாண்டி, முற்றத்தைக் கடந்து, உள் கேட்டுக்கு வேகமாப் போறாங்கன்னு வைங்க. திடீர்னு செக்யூரிட்டி உள் கேட்டைச் சாத்திட்டா? முன்னால இருக்கிறவன் கதவுல இடிப்பான், பின்னால இருக்கிறவன் தள்ளுவான், ஒரு கட்டத்துல மொத்தக் கூட்டமும் பின்னால சாயும். திரும்ப முன்னால. திரும்பப் பின்னால. காத்தும் இதையேதான் பண்ணும். அமுக்கின காத்து டர்போ இறக்கைகள் வழியாவே பின்னோக்கிப் பாயும், அழுத்தம் குறைஞ்சதும் மறுபடி முன்னால, மறுபடி பின்னால. இதுக்கு சர்ஜ்னு பேரு. வெளியே "ஸ்டுட்டுட்டுட்டு"னு புறா படபடக்கிற மாதிரி கேக்கும். கேக்க ஜாலியா இருந்தாலும் தண்டோட பேரிங்குக்கு அது ஒவ்வொண்ணும் குத்து. அது போக, டர்போ வேகம் குறைஞ்சு போறதால அடுத்த கியர்ல மறுபடி மிதிக்கும்போது சக்தி வர நேரமாகும்.

இதுக்கு வைத்தியம், கூட்டம் நெரியறப்போ ஒரு பக்கக் கதவைத் திறந்து விடறது. அதுதான் புளோ-ஆஃப் வால்வு. டர்போவுக்கும் பட்டர்ஃபிளைக்கும் நடுவுல இருக்கிற குழாய்ல உக்காந்திருக்கும். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இல்லேன்னா பிஸ்டன், அதை மூடி வைக்க ஒரு ஸ்பிரிங். பட்டர்ஃபிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன ஓஸ் இதோட தலைக்கு வரும். மிதிக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அதனால ஸ்பிரிங் ஜெயிச்சு வால்வு மூடியே இருக்கும். காலை எடுத்ததும் மேனிஃபோல்டுல வெற்றிடம். கீழே அமுக்கின காத்து தள்ளும், மேலே வெற்றிடம் இழுக்கும், வால்வு திறக்கும். மின்சாரம் வேணாம், கம்ப்யூட்டர் வேணாம். யார் யோசிச்சானோ, சபாஷ்!

இதை வேஸ்ட்கேட்டோட குழப்பிக்காதீங்க. அது புகைப் பக்கத்து ஆளு, டர்போவை அளவுக்கு மீறிச் சுத்தாம பாத்துக்கும். பந்தய உலகத்துல பாப்-ஆஃப் வால்வுன்னு இன்னொண்ணும் உண்டு. ஃபார்முலா ஒன்ல டர்போ எஞ்சின்களோட சக்தி எல்லை மீறிப் போனதால 1987-ல எல்லா டர்போ காருக்கும் இதை மாட்டச் சொன்னாங்க. அழுத்தம் 4 பாரைத் தாண்டினா திறந்துக்கும். 1988-ல அதை 2.5 பாரா இறக்கினாங்க. 1989-ல டர்போவையே தடை பண்ணிட்டாங்க. அது போலீஸ்காரன், நம்மாளு செக்யூரிட்டி. ஹி ஹி.

சரி, வரலாறு. இந்த வால்வோட வரலாறு எங்கே இருக்குன்னு தோண்டினா, அது வால்வுல இல்லை, பட்டர்ஃபிளை எங்கே இருந்துச்சுங்கறதுல இருக்கு. எனக்கு இது புரியவே ரொம்ப நாளாச்சு.

டர்போவுக்கு 1905-ல காப்புரிமை வாங்கினவர் ஆல்ஃபிரெட் பூஹி, சுவிட்சர்லாந்து எஞ்சினியர். நல்லா வேலை செய்ய இருபது வருஷம் ஆச்சு. 1920-கள் நடுவுல ரெண்டு ஜெர்மன் கப்பலோட டீசல் எஞ்சின்ல மாட்டினப்போ 1750 குதிரை சக்தி 2500 ஆச்சு. நடுவுல 1918-ல அமெரிக்காவுல சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேல பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே தூக்கிட்டுப் போய், மெலிஞ்ச காத்துலயும் டர்போ இருந்தா சக்தி குறையாதுன்னு காட்டினார்.

காருக்கு வந்தது 1962-ல. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் மோன்ஸா ஸ்பைடர். ரெண்டுலயும் கார்புரேட்டரும் பட்டர்ஃபிளையும் டர்போவுக்கு முன்னாலயே இருந்துச்சு. அதாவது செக்யூரிட்டி சாத்தினது வெளி கேட்டை. காலை எடுத்தா டர்போவுக்கு வர்ற காத்தே நின்னுடும். அமுக்க ஒண்ணும் இல்லாம அது சும்மா சுத்தும். சர்ஜ் இல்லை, அதனால வால்வும் வேணாம். (ஜெட்ஃபயர்ல வேற கூத்து. எஞ்சின் தட்டாம இருக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்ல ஊத்தணும். வாங்கினவங்க ஊத்த மறந்தாங்க. கடைசில கம்பெனியே டர்போவைக் கழட்டி சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்துச்சு. யூரியா தீர்ந்து போய் இன்னிக்கு ரோட்டோரம் நிக்கற லாரிக்காரங்களைப் பாக்கும்போது எனக்கு ஜெட்ஃபயர் ஞாபகம்தான் வரும்.)

ஆனா அந்த அமைப்புல ஒரு கஷ்டம். பெட்ரோல் கலந்த காத்துதான் டர்போ வழியாப் போகுது. அமுக்கினா சூடாகும், அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் வைக்கலாம்னா, அதுக்குள்ளே பெட்ரோல் தேங்கி நிக்கும். பிறகு எஞ்சின் வாசல்லயே பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்ஷன் வந்தது. டர்போ வழியா வெறும் காத்து போனாப் போதும். பட்டர்ஃபிளையும் இடம் மாறி எஞ்சின் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. 1973-ல பி.எம்.டபிள்யூ 2002 டர்போ, அடுத்து போர்ஷே 911 டர்போ, 1978-ல சாப் 99 டர்போ, எல்லாம் இந்த வகை. இப்போ கதவு உள் கேட்டுல. நெரிசல் ஆரம்பம். பக்கக் கதவு தேவைப்பட ஆரம்பிச்சது இதுல இருந்துதான்.

இங்கே நம்ம ஊர் நுழையுது. அந்த பி.எம்.டபிள்யூவுக்கும் போர்ஷேவுக்கும் டர்போ கொடுத்தது கே.கே.கே.ன்னு சுருக்கமா சொல்ற ஜெர்மன் கம்பெனி. 1982-ல அதே கே.கே.கே.யோட கை கோத்து டி.வி.எஸ். குடும்பத்து பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் டர்போ எனர்ஜின்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. தொழிற்சாலை ராணிப்பேட்டை பக்கம் புலிவலத்துல. ஸ்ரீபெரும்புதூர் வழியாப் போற அதே பெங்களூர் ரோட்டைப் பிடிச்சுப் போற ஊர்தான். அப்போ இருங்காட்டுக்கோட்டையில ஒரு கார் கம்பெனியும் கிடையாது. ரேஸ் டிராக்கே 1990-லதான் வந்துச்சு, அதுவரைக்கும் சோழவரம் விமான ஓடுதளத்துலதான் பந்தயம். ஹூண்டாய் வந்தது 1996-ல.

ஆக டர்போ தமிழ்நாட்டுக்கு வந்து நாற்பது வருஷம் தாண்டியாச்சு. ஆனா வந்தது டீசலுக்கு. டீசல் எஞ்சின்ல சக்தியைக் கட்டுப்படுத்த பட்டர்ஃபிளை தேவையே இல்லை! காத்து எப்பவும் தாராளமாப் போகும், எவ்வளவு டீசல் பீச்சறோம்கறதுல மட்டும்தான் கட்டுப்பாடு. காலை எடுத்தா டீசல் நிக்கும், ஆனா எஞ்சின் காத்தை உறிஞ்சிட்டே இருக்கும். கேட் சாத்தறதே இல்லை, அப்புறம் ஏன் பக்கக் கதவு? (இப்போ வர்ற டீசல்களிலும் ஒரு தட்டு இருக்கு, அது புகையைச் சுத்தம் பண்ற ஏற்பாட்டுக்காக. கணக்கு வேற.)

2002-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து ஆக்ஸென்ட் சி.ஆர்.டி.ஐ. வந்துச்சு, காமன் ரெயில் டர்போ டீசல். 2010 மார்ச்சுல ஒரகடத்துல ரெனோ-நிஸான் ஆலை திறந்தாங்க, 2012-ல அங்கிருந்து டஸ்டர் டீசல். அதே 2012 ஏப்ரல்ல பக்கத்துலயே டைம்லர், பாரத்பென்ஸ் லாரி. எல்லாமே டர்போ, எல்லாமே "உய்ய்ய்"னு மெல்லிசா விசில் அடிக்கும், ஒண்ணுகூட "ப்ஷ்ஷ்"னு மூச்சு விடாது. ரேஸ் டிராக்குக்கும் 2010-ல போலோ கப் வந்தப்போ அது டர்போ டீசல்தான். கேலரியில நின்னு காதைத் தீட்டிட்டு இருந்தேன். டெம்போ கூட்டமாப் போற மாதிரி இருந்துச்சு, சத்தியமா. பிறகு அந்தப் பந்தயம் பெட்ரோல் டர்போவுக்கு மாறிச்சு.

ரோட்டுல மாறினதுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு வரி. 2006 பட்ஜெட்ல ப.சிதம்பரம் நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள எஞ்சின் இருந்தா சின்ன கார், வரி கம்மின்னு கொண்டு வந்தார். அந்த அளவுக்குள்ள இருந்துக்கிட்டே பெரிய எஞ்சினோட சக்தி வேணும்னா டர்போதான் வழி. 2013-ல சென்னை ஃபோர்டு ஆலையில இருந்து ஒரு லிட்டர் டர்போ பெட்ரோலோட ஈகோஸ்போர்ட் வந்தது அந்தக் கணக்குலதான். (அந்த ஆலை நிலவரம் உங்களுக்கே தெரியும். 2021-ல இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறதா அறிவிச்சாங்க.) 2019 மே மாசம் ஹூண்டாய் வென்யூ, ஒரு லிட்டர், 120 குதிரை சக்தி.

ரெண்டாவது காரணம் 2020 ஏப்ரல், பி.எஸ்.6. சின்ன டீசலைச் சுத்தம் பண்ற செலவு கட்டுப்படியாகலை. ரெனோ-நிஸான் இந்தியாவுல டீசலையே விட்டுட்டாங்க. அதே வருஷம் ஒரகடத்துல இருந்து டஸ்டர் 1.3 டர்போ பெட்ரோல், டிசம்பர்ல ஒரு லிட்டர் மேக்னைட் டர்போ, 2021-ல கைகர். ஜெட்ஃபயர் வந்து அறுபது வருஷம் ஆகப் போற நேரத்துல பட்டர்ஃபிளையும் டர்போவும் ஒரே வண்டியில இந்த ரோட்டுல சகஜமாச்சு. கூடவே பக்கக் கதவும்.

அப்போ சத்தம் வரணுமே? வராது! பக்கக் கதவு எங்கே திறக்குதுங்கறதுதான் விஷயம். வெளி கேட்டுல ஒரு செக்யூரிட்டி தலையை எண்ணி கேன்டீனுக்குச் சொல்றார்னு வைங்க, "இன்னிக்கு ஐநூறு பேர்". கேன்டீன் ஐநூறு பேருக்கு இட்லி ஊத்தும். நடுவுல பக்கக் கதவைத் திறந்து நூறு பேரை ரோட்டுக்கு அனுப்பிட்டா, நூறு பேர் இட்லி மிச்சம். உள்ளே வர்ற காத்தை அளந்து பெட்ரோல் பீச்சற பல கார்கள்ல இதேதான் நடக்கும். அளந்த காத்து வெளியே போயிட்டா பெட்ரோல் மிச்சம், எஞ்சின் திணறும், கரும்புகை வரும். அதனால கம்பெனிக்காரன் அந்தக் காத்தை ரோட்டுக்கு விடறதில்லை, டர்போவோட வாசலுக்கே திருப்பி அனுப்பறான். முற்றத்துக்கே திரும்பி வா, எண்ணிக்கை மாறாது. இப்போ நிறைய வண்டியில இந்த வால்வை மின்சாரத்துல கம்ப்யூட்டரே திறக்குது. சத்தமும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளயே அமுங்கிடும். 90-கள் ஜப்பான் கார்கள்ல வெளியே ஊதற வால்வை வாங்கி மாட்டின பசங்களும், 2001-ல வந்த ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் மாதிரி படங்களும் சேர்ந்துதான் அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு மவுசு ஏத்தி விட்டாங்க.

இப்போ வட்டி.

அக்கா பையன் வளர்ந்து, ஒரகடத்துலயே வேலைக்குச் சேந்து, 2023-ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். எந்த வண்டின்னு வேணாம், வண்டி மேல தப்பில்லை. ஒரு மாசத்துல போன். "மாமா, நீங்க சின்ன வயசுல சொன்ன அந்தச் சத்தம் வந்துடுச்சு!" ஆன்லைன்ல மூவாயிரத்து சொச்சத்துக்கு ஒரு பளபள வால்வு வாங்கி, ஒரிஜினலைக் கழட்டிட்டு, வெளியே ஊதற மாதிரி மாட்டியிருக்கான். கியர் மாத்தறப்போ "ப்ஷ்ஷ்". புகையில பெட்ரோல் வாடை, டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு. "அது ஒண்ணும் இல்ல மாமா." நானும் "சரிடா மாப்ளே"ன்னு விட்டேன். தெரிஞ்சும் விட்டேன். அது என் ரெண்டாவது தப்பு.

அடுத்த மாசம் காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம் முடிஞ்சு ராத்திரி வாலாஜாபாத் வழியா சுங்குவார்சத்திரம் ரோட்டைப் பிடிச்சு வர்றாங்க. பின்சீட்டுல அக்கா. டிவைடர் இல்லாத இடம், முன்னால ஒரு கன்டெய்னர் டிரெய்லர். எதிர்ல தூரத்துல வெளிச்சம், நேரம் இருக்குன்னு வலதுல ஏறி மிதிச்சிருக்கான். வண்டி போகலை. "ஸ்ஸ்ஸ்"னு விடாம ஒரே சத்தம் மட்டும். அந்த ரோட்டுப் புழுதி ஏறி வால்வோட பிஸ்டன் திறந்த நிலையிலயே சிக்கிக்கிச்சு. டர்போ அமுக்கற காத்தெல்லாம் ரோட்டுக்கு. எஞ்சின் கையில மிஞ்சினது டர்போ இல்லாத ஒரு லிட்டர், மூணு சிலிண்டர், நாலு ஆள் பாரம். எதிர்ல வந்தது பஸ்.

டிரெய்லர் டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு நல்லா பிரேக் போட்டு இடம் விட்டிருக்கார். இவன் ஒடிச்சு உள்ளே நுழைஞ்சிருக்கான். பஸ் ஹாரனோட தாண்டிப் போச்சு. அப்புறம்தான் பின்னால டிரெய்லர் "ப்ஸ்ஸ்ஸ்"னு பிரேக்கை விட்டுச்சாம். அக்கா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. எனக்கு வால்வு பத்தி எல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரியும்.

ஒரிஜினல் வால்வை நல்லவேளை தூக்கிப் போடலை, பழைய பேப்பர்ல சுத்தி டிக்கியில கிடந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே கூட உக்காந்து, தெரிஞ்ச மெக்கானிக்கை வெச்சு மாட்ட வெச்சேன். அரை மணி நேர வேலை. மஞ்ச லைட்டு போச்சு, வாடை போச்சு, இழுவை திரும்பி வந்துச்சு. அப்போதான் 2003 டீக்கடை விஷயத்தை அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்தான். அப்புறம், "அப்போ என் வண்டியில நிஜ டர்போ சத்தம் கேக்கவே கேக்காதா மாமா?"ன்னான்.

கேக்கும்டா, வான்னு வல்லம் சிப்காட் பக்கம் ஒரு நீள மதில் சுவர் ஓரமாக் கூட்டிட்டுப் போனேன். ஞாயித்துக்கிழமை, ஈ காக்கா இல்லை. ஜன்னலை இறக்கி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, ரெண்டாவது கியர்ல ஏத்தி, டக்குனு காலை எடுக்கச் சொன்னேன். மொத தடவை ஒண்ணும் கேக்கலை. மூணாவது தடவை சுவத்துல மோதித் திரும்பி வந்துச்சு, பூனை தும்மின மாதிரி.